மங்கிய திருவாதிரையும் மாறிக்கொண்டிருக்கும் வானமும்

2019 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், இரவு வானத்தை வழமையாக அவதானித்து வருபவர்கள் ஒரு விசித்திரமான மாற்றத்தைக் கண்டனர். வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களின் வரிசையில் இடம்பெற்று வந்த திருவாதிரை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தது. 2020 பெப்ரவரி நடுப்பகுதியில் அதன் ஒளி வழமையான அளவின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்திருந்தது. இம்மாற்றத்தைக் காண்பதற்குத் தொலைகாட்டி எதுவும் தேவைப்படவில்லை. வெற்றுக் கண்ணே போதுமானதாக இருந்தது.

அந்த நட்சத்திரம் வெடித்துச் சிதறப் போகின்றது என்ற செய்தி சமூக வலைத்தளங்களின் ஊடாக உலகெங்கும் பரவியது. சிலர் அதனை வியப்புடன் எதிர்பார்த்தனர். சிலர் அச்சமடைந்தனர். ஆனால், 2020 ஏப்ரல் மாதமளவில் திருவாதிரை தனது பழைய பிரகாசத்தை மீண்டும் பெற்றுக்கொண்டது. செய்தியைப் பரப்பியவர்கள் வேறு விடயங்களுக்குச் சென்றுவிட்டனர். எனினும், ஒரு நட்சத்திரம் ஏன் மங்குகின்றது, அது ஏன் வெடிக்க வேண்டும், அவ்வாறு வெடிக்கும் என்பதை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான் என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளைச் சாதாரண வாசகரும் அறிந்திருப்பது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

இரு மரபுகளின் நட்சத்திரம்

திருவாதிரை எமது வாசகர்களுக்கு அந்நியமானதல்ல. மார்கழித் திருவாதிரை நாள் சைவ மக்களின் வழிபாட்டில் பெறும் இடத்தை விளக்க வேண்டியதில்லை. இதே நட்சத்திரத்தை மேலை உலகம் பீற்றல்ஜூஸ் என்று அழைக்கின்றது. இப்பெயர் ஆங்கிலப் பெயருமல்ல, இலத்தீன் பெயருமல்ல. 'ஜவ்ஸாவின் கை' எனப் பொருள்படும் 'யத் அல்-ஜவ்ஸா' என்ற அரபுத் தொடரே அவ்வாறு திரிந்தது. அரபு எழுத்துகளுள் 'யா'வுக்குக் கீழே இரண்டு புள்ளிகளும் 'பா'வுக்குக் கீழே ஒரு புள்ளியும் இடப்படும். மத்திய கால ஐரோப்பாவில் யாரோ ஒருவர் 'யா'வைப் 'பா'வாக வாசித்ததன் விளைவாகவே 'யத்' என்பது 'பெத்' ஆகியது. ஒரு புள்ளியின் பிழை நூற்றாண்டுகளைக் கடந்தும் நிலைத்துவிட்டது.

இது தற்செயலானதல்ல. கி.பி. 964 ஆம் ஆண்டளவில் பாரசீக வானியலாளரான அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி 'நிலையான நட்சத்திரங்களின் நூல்' என்ற பெருநூலை அரபு மொழியில் இயற்றினார். நட்சத்திரங்களின் இடம், பிரகாசம், நிறம் ஆகியவற்றைப் பதிவு செய்த அந்நூல் பின்னர் ஐரோப்பாவின் வானியல் அறிவுக்கும் துணையாக நின்றது. நாம் உரோகிணி என்று அழைக்கும் நட்சத்திரம் உலக வரைபடங்களில் அல்தபரான் எனவும், திருவோணம் அல்தாயிர் எனவும் அரபுப் பெயர்களிலேயே வழங்கி வருகின்றன.

அஸ்-ஸூஃபியின் நூற்பெயரில் வரும் 'நிலையான' என்ற சொல் கவனத்துக்குரியது. இடம் மாறி அலையும் கோள்களிலிருந்து வேறுபடுத்துவதற்காகவே நட்சத்திரங்களுக்கு அச்சொல் வழங்கப்பட்டது. ஆயினும், அவை தோற்றத்திலும் தன்மையிலும் கூட என்றும் மாறாதவை என்ற எண்ணம் பல நாகரிகங்களில் வேரூன்றியிருந்தது. நவீன வானியல் அந்த எண்ணத்தை முற்றாக மாற்றிவிட்டது. நட்சத்திரங்களும் பிறக்கின்றன, முதிர்கின்றன, மடிகின்றன.

ஒளி சொல்லும் செய்திகள்

நட்சத்திரம் ஒன்றினை மனிதன் தொட்டுப் பார்க்க முடியாது. அங்கிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவரவும் முடியாது. எம்மை வந்தடைவது அதன் ஒளி மாத்திரமே. அந்த ஒளியிலிருந்தே அனைத்தையும் அறிய வேண்டியுள்ளது.

முதலாவது செய்தி நிறம். கொல்லன் உலையில் இடப்படும் இரும்பு முதலில் சிவந்து, பின்னர் மஞ்சளாகி, மேலும் சூடேறும்போது வெண்மையடைவதைப் பலரும் கண்டிருப்பர். நட்சத்திரங்களும் இவ்வாறே. சிவப்பு நட்சத்திரம் வெப்பம் குறைந்தது. நீல நிற நட்சத்திரமே வெப்பம் மிகுந்தது. செந்நிறத் திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,300 பாகை செல்சியஸ் ஆகும். எமது சூரியனில் அது 5,500 பாகை. திருவாதிரை அமைந்துள்ள அதே ஓரியன் கூட்டத்தின் மறுமுனையில் நீல வெண்மையாக ஒளிரும் ரைஜல் நட்சத்திரத்தில் அது 11,000 பாகையைத் தாண்டுகின்றது. ரைஜல் என்பதும் 'பாதம்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லே.

இரண்டாவது செய்தி பிரகாசம். கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிவதெல்லாம் உண்மையில் பிரகாசமானது என்று கொள்ள முடியாது. அருகிலுள்ள குப்பி விளக்கு, தொலைவிலுள்ள வெளிச்சவீட்டை விடப் பிரகாசமாகத் தோன்றலாம். எனவே முதலில் தூரத்தை அறிய வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும்போது, ஆறு மாத இடைவெளியில் நட்சத்திரம் ஒன்று மிக நுண்ணிய அளவில் இடம் பெயர்வதாகத் தோன்றும். முகத்துக்கு முன்னே விரலை நீட்டி இரு கண்களாலும் மாறி மாறிப் பார்த்தால் விரல் நகர்வது போலத் தோன்றுவதற்கு ஒப்பானது இது. 1838 இல் ஜேர்மனிய வானியலாளர் பெசல் இம்முறையைக் கொண்டு நட்சத்திரமொன்றின் தூரத்தை அளந்து வெளியிட்டார். திருவாதிரையின் தூரம் 500 முதல் 700 ஒளியாண்டுகள் வரை என மதிப்பிடப்படுகின்றது. அதாவது இன்று நாம் காணும் அதன் ஒளி, யாழ்ப்பாண இராச்சியம் நிலைபெற்றிருந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்டதாகும்.

வெப்பநிலையும் உண்மையான பிரகாசமும் தெரிந்துவிட்டால் பருமனையும் கணிக்கலாம். வெப்பம் குறைந்த ஒரு பொருள் மிகுந்த ஒளியை வெளிவிடுமாயின் அதன் மேற்பரப்பு மிகப் பெரிதாக இருக்க வேண்டும். திருவாதிரையின் ஆரை சூரியனின் ஆரையைப் போன்று ஏறத்தாழ 750 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் அதனை வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கு கோள்களின் பாதைகளும் அதனுள் அடங்கிவிடும். ஆனால் அதன் திணிவு சூரியனைப் போன்று 15 முதல் 20 மடங்கு அளவானதே. இத்தகைய பெரும் பரப்பில் அத்திணிவு பரவியிருப்பதால், சராசரியாகப் பார்க்கையில் அது நாம் சுவாசிக்கும் காற்றை விடப் பல்லாயிரம் மடங்கு ஐதானது.

நம்பப்படாத ஓர் ஆய்வு

மூன்றாவது செய்தி நட்சத்திரத்தின் உட்கூறு. ஒளியை அரியம் ஒன்றின் ஊடாகச் செலுத்தி நிறமாலையாகப் பிரிக்கும்போது, அதில் கருங்கோடுகள் தென்படுகின்றன. ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கோடுகளை விட்டுச் செல்கின்றது. கைரேகையைப் போன்ற இக்கோடுகளைக் கொண்டு நட்சத்திரத்தில் என்னென்ன மூலகங்கள் உள்ளன என்பதை அறியலாம். சூரிய ஒளியில் இரும்பு, கல்சியம் போன்றவற்றின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தமையால், சூரியனும் பூமியைப் போன்ற சேர்க்கையைக் கொண்டதே என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் நம்பினர்.

1925 ஆம் ஆண்டில், ஹார்வார்ட் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சிசீலியா பெய்ன் என்ற 25 வயதுப் பெண் தமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் இதற்கு மாறான முடிவை முன்வைத்தார். கோடுகளின் செறிவு மூலகத்தின் அளவை மட்டுமன்றி வெப்பநிலையையும் சார்ந்தது என்றும், அதனைக் கணக்கில் எடுத்தால் நட்சத்திரங்களில் ஐதரசனும் ஈலியமுமே பெருமளவில் உள்ளன என்றும் அவர் கண்டார். அக்காலத்தின் புகழ்பெற்ற வானியலாளரான ஹென்றி நொரிஸ் ரஸல் இது நடக்கக்கூடியதல்ல என்று கருதினார். அவரது கருத்துக்கு இணங்க, தமது முடிவு பெரும்பாலும் உண்மையாக இருக்க முடியாது என்று பெய்ன் தமது ஆய்வேட்டிலேயே எழுத நேரிட்டது. நான்கு ஆண்டுகளின் பின்னர் ரஸல் வேறு வழிகளில் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்து, பெய்னின் ஆய்வையும் ஏற்றுக்கொண்டார். பெய்ன் ஹார்வார்ட்டில் பேராசிரியராவதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திணிவே தலையெழுத்து

நட்சத்திரத்தின் மூலப்பொருள் ஐதரசன் என்பது தெளிவானதும், அதன் வாழ்வும் தெளிவாகத் தொடங்கியது. அண்டவெளியில் பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் தம்முடைய ஈர்ப்பினாலேயே சுருங்குகின்றன. சுருங்கச் சுருங்க மையம் சூடேறுகின்றது. ஒரு கட்டத்தில் ஐதரசன் அணுக்கருக்கள் ஒன்றிணைந்து ஈலியமாக மாறத் தொடங்கும். அப்போது வெளிப்படும் சக்தியே நட்சத்திரத்தின் ஒளி. சூரியனின் மையத்தில் வெப்பநிலை 1.5 கோடி பாகை. அங்கு ஒவ்வொரு செக்கனுக்கும் சுமார் 60 கோடி தொன் ஐதரசன் ஈலியமாக மாறுகின்றது. அதில் ஏறத்தாழ 40 இலட்சம் தொன் திணிவு சக்தியாக வெளியேறுகின்றது.

ஈர்ப்பு உள்நோக்கி இழுக்கின்றது. மையத்தின் வெப்பத்தால் ஏற்படும் அமுக்கம் வெளிநோக்கித் தள்ளுகின்றது. இவ்விரண்டும் சமநிலையில் உள்ளவரை நட்சத்திரம் அமைதியாக வாழும். அந்த அமைதி எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதைத் திணிவே தீர்மானிக்கின்றது. பெரிய நட்சத்திரத்திடம் எரிபொருள் அதிகம் என்பதால் அது நீண்ட காலம் வாழும் என எண்ணத் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. திணிவு கூடும்போது மையத்தின் வெப்பமும் கூடி, எரிபொருள் மிக விரைவாகச் செலவாகின்றது. பெருஞ்செல்வத்தை ஊதாரித்தனமாகச் செலவிடும் வீட்டைப் போன்றது இது.

சூரியனின் மொத்த ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். இதில் 460 கோடி ஆண்டுகள் கழிந்துவிட்டன. திணிவு குறைந்த செங்குள்ளன் நட்சத்திரங்கள் இதனை விடப் பல நூறு மடங்கு காலம் வாழக்கூடியவை. திருவாதிரையின் வயதோ சுமார் ஒரு கோடி ஆண்டுகள் மாத்திரமே. பூமியில் டைனோசர்கள் அழிந்த காலத்தில் அந்த நட்சத்திரம் பிறந்திருக்கவேயில்லை. ஆயினும் இன்று அது முதுமையின் இறுதிக் கட்டத்தில் நிற்கின்றது.

ஒரு மனித ஆயுளில் காண முடியாத இம்மாற்றங்களை எவ்வாறு அறிந்தார்கள் என்ற வினா இங்கு எழலாம். வில்லியம் ஹேர்ஷல் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வானத்தை ஒரு தோட்டத்துடன் ஒப்பிட்டிருந்தார். தென்னை ஒன்று வளர்ந்து பட்டுப்போவதைப் பார்க்க ஓர் ஆயுள் வேண்டும். ஆனால், தோப்பு ஒன்றினுள் ஒரு நாள் நுழைபவர் கன்று, இளமரம், காய்த்த மரம், பட்டமரம் ஆகிய அனைத்தையும் ஒரே வேளையில் கண்டு, தென்னையின் வாழ்க்கை முழுவதையும் ஊகித்துவிடலாம். வானியலாளர்களும் வெவ்வேறு வயதுடைய நட்சத்திரங்களை ஒப்பிட்டே அவற்றின் வரலாற்றை எழுதினர்.

சூரியனின் முடிவும் சந்திரசேகரின் எல்லையும்

சூரியனும் மெல்ல மாறிக்கொண்டே இருக்கின்றது. ஒவ்வொரு 100 கோடி ஆண்டுகளிலும் அதன் பிரகாசம் ஏறத்தாழ பத்து வீதம் அதிகரிக்கின்றது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் மையத்தின் ஐதரசன் தீர்ந்ததும், அது பல மடங்கு பருத்துச் சிவப்பு இராட்சத நட்சத்திரமாக மாறும். பின்னர் தனது வெளிப்படைகளை அண்டவெளியில் உதிர்த்துவிட்டு, பூமியளவுள்ள வெண்குள்ளனாக எஞ்சும். இத்தகைய ஒன்று 1862 இல் சிரியஸ் நட்சத்திரத்தின் துணையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பூமியளவே பருமனுள்ள அதன் திணிவு சூரியனின் திணிவுக்குச் சமமானது.

எல்லா நட்சத்திரங்களின் முடிவும் இதுதானா? 1930 இல், சென்னை மாநிலக் கல்லூரியில் கற்று முடித்து மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயதுத் தமிழ் இளைஞரான சுப்பிரமணியன் சந்திரசேகர், அப்பயணத்தின்போதே இவ்வினாவை ஆராய்ந்தார். வெண்குள்ளனின் திணிவுக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்பதே அவரது முடிவு. சூரியனின் திணிவைப் போன்று சுமார் 1.4 மடங்கு என இன்று அறியப்படும் அவ்வெல்லையைத் தாண்டினால், எந்த அமுக்கத்தாலும் வெண்குள்ளனைத் தாங்கி நிறுத்த முடியாது. அது மேலும் மேலும் சுருங்கியே ஆக வேண்டும்.

1935 ஜனவரியில் இலண்டனில் கூடிய வானியல் கழகத்தின் கூட்டத்தில், அவருக்கு அடுத்துப் பேசிய பேரறிஞர் எடிங்டன் இம்முடிவை எள்ளி நகையாடினார். இயற்கையில் இத்தகைய அபத்தம் நிகழாதவாறு தடுக்கும் விதியொன்று இருக்க வேண்டும் என்பது அவரது வாதம். கணிதத்தில் தவறு காட்டப்படவில்லை. ஆனால் எடிங்டனின் செல்வாக்கு அவையை அவர் பக்கம் சாய்த்தது. சந்திரசேகர் அமெரிக்கா சென்று சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் தமது பணியைத் தொடர்ந்தார். 1983 இல் அவருக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கப்பலில் தொடங்கிய கணிப்புக்கும் அப்பரிசுக்கும் இடையில் 53 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பெருநட்சத்திரங்களின் மரணம்

திருவாதிரை போன்ற பெரிய நட்சத்திரங்களின் மையம் இவ்வெல்லையைத் தாண்டுவது உறுதி. ஐதரசன் தீர்ந்ததும் ஈலியம், அதன் பின்னர் காபன், நியோன், ஒட்சிசன், சிலிக்கன் என ஒவ்வொன்றாக எரியும். ஒவ்வொரு கட்டமும் முந்தியதை விடக் குறுகியது. சிலிக்கன் எரியும் கட்டம் சில நாட்களுக்குள்ளேயே முடிந்துவிடும். இறுதியில் இரும்பு எஞ்சும். இரும்பை ஒன்றிணைப்பதால் சக்தி கிடைப்பதில்லை. தாங்கும் வலு இழந்த மையம் ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் இடிந்து விழ, வெளிப்படைகள் வெடித்துச் சிதறுகின்றன. இதுவே சுப்பர்நோவா எனப்படுகின்றது. மையத்தில் எஞ்சுவது சுமார் 20 கிலோமீற்றர் விட்டமுள்ள நியூத்திரன் நட்சத்திரம் அல்லது கருந்துளை ஆகும்.

1054 இல் சீன அவதானிகள் பதிவு செய்த புதிய நட்சத்திரம் பட்டப்பகலிலும் 23 நாட்கள் தென்பட்டது. அதன் சிதறல்களை இன்றும் நண்டு நெபுலாவாகத் தொலைகாட்டியில் காணலாம். அதற்கு முன்னர், 1006 இல், எகிப்திய மருத்துவரான அலி இப்னு ரிழ்வான் தமது இளமையில் கண்ட மற்றொரு புதிய நட்சத்திரம் வெள்ளியை விட இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்ததாக எழுதி வைத்துள்ளார். அது வெண்குள்ளன் ஒன்றின் வெடிப்பு என்பதே இன்றைய முடிவு. 1987 பெப்ரவரியில் எமது அண்டைய விண்மீன் மண்டலமொன்றில் நிகழ்ந்த வெடிப்பின் ஒளி வந்து சேர்வதற்குச் சில மணித்தியாலங்கள் முன்னதாகவே, அதிலிருந்து புறப்பட்ட நியூத்திரினோ துணிக்கைகள் ஜப்பான், அமெரிக்கா, சோவியத் நாடு ஆகியவற்றின் நிலத்தடி உணர்கருவிகளில் பதிவாகின. மையம் இடிந்து விழுகின்றது என்ற கோட்பாட்டுக்கு அது நேரடிச் சான்றாக அமைந்தது.

மங்கியது ஏன்?

அவ்வாறாயின் 2019 இல் திருவாதிரைக்கு நேர்ந்தது என்ன? சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைகாட்டி 2019 டிசம்பரில் எடுத்த படங்களில் நட்சத்திரத்தின் தென்பகுதி மட்டுமே இருண்டிருந்தது. ஹபிள் விண்தொலைகாட்டி அதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே அதன் மேற்பரப்பிலிருந்து சூடான வாயு பெருமளவில் வெளியேறுவதைப் பதிவு செய்திருந்தது. வெளியேறிய வாயு குளிர்ந்து தூசாக உறைந்து, எமது பார்வைக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே திரையிட்டது என்ற விளக்கம் 2021 இல் வெளியான ஆய்வில் முன்வைக்கப்பட்டது. மேற்பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்தமையும் இதற்குத் துணைபுரிந்தது. 2024 டிசம்பரில் ஹவாயிலுள்ள ஜெமினி தொலைகாட்டி, திருவாதிரைக்கு மிக அருகில் அதனைச் சுற்றிவரும் சிறிய துணை நட்சத்திரமொன்றுக்கான சான்றையும் படமாக்கியது. அதற்கு 'அவளது வளையல்' எனப் பொருள்படும் சிவார்ஹா என்ற அரபுப் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

திருவாதிரை ஒரு நாள் வெடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த 'ஒரு நாள்' அடுத்த ஒரு இலட்சம் ஆண்டுகளுக்குள் எப்போதும் வரலாம். வெடித்தால் அது சில மாதங்கள் பகலிலும் தெரியும், இரவில் நிலவைப் போன்று ஒளிரும். அது இருக்கும் தூரம் காரணமாகப் பூமிக்கு ஆபத்து எதுவும் இல்லை. 2020 இல் அச்சமடைந்தோர் இதனை மட்டுமாவது அறிந்திருந்தால் வீண் கலக்கத்தைத் தவிர்த்திருக்கலாம்.

எமக்கும் அவற்றுக்கும் உள்ள உறவு

நட்சத்திரங்களின் மரணம் எமக்குத் தொடர்பில்லாத விடயமல்ல. 1957 இல் மார்கரெட் பேர்பிட்ஜ், ஜெஃப்ரி பேர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், ஃபிரெட் ஹொய்ல் ஆகிய நால்வரும் வெளியிட்ட ஆய்வு, மூலகங்கள் பெரும்பாலும் நட்சத்திரங்களின் உள்ளேயே உருவாகின்றன என்பதை விளக்கியது. எமது குருதியிலுள்ள இரும்பு, எலும்பிலுள்ள கல்சியம், சுவாசிக்கும் ஒட்சிசன் ஆகிய யாவும் சூரியன் பிறப்பதற்கு முன்னரே மடிந்துபோன நட்சத்திரங்களில் உருவானவை. இன, மத, மொழி வேறுபாடுகளைக் கொண்டு நெடுங்காலம் துன்புற்ற இந்நாட்டில், எல்லோருடைய குருதியிலும் ஓடும் இரும்பின் பூர்வீகம் ஒன்றே என்பதை நினைவிற் கொள்வது நன்று.

மற்றொரு படிப்பினையும் இங்குண்டு. நட்சத்திரங்களைப் பற்றிய இரு பெரும் உண்மைகளைக் கண்டறிந்தவர்கள் 25 வயதுப் பெண்ணும் 19 வயது மாணவனும் ஆவர். இருவரும் தம் காலத்துப் பேரறிஞர்களால் மறுக்கப்பட்டனர். ரஸலும் எடிங்டனும் அறிவிலிகள் அல்லர். எனினும், தாம் எதிர்பாராத விடை இளையவர்களிடமிருந்து வந்தபோது அதனைக் கணக்கால் அன்றி, தமது தகுதியால் எதிர்கொண்டனர். பாடநூலை மனனம் செய்து பரீட்சையில் ஒப்புவிப்பதையே கல்வியெனக் கொண்டுவிட்ட எமது வகுப்பறைகளில், ஆசிரியர் எதிர்பாராத வினாவைக் கேட்கும் பிள்ளைக்கு எத்தகைய பதில் கிடைக்கின்றது என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் நீடித்தபோது, கொழும்பு நகரவாசிகளிற் பலர் நெடுங்காலத்தின் பின் நட்சத்திரங்களைக் கண்டனர். வடக்கில் மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வானம் புதியதல்ல. அத்தகைய இருளை எவரும் விரும்பி அழைக்கப் போவதில்லை. ஆனால் மார்கழி தொடக்கம் பங்குனி வரை, மாலை வேளைகளில் வீட்டு முற்றத்து விளக்கைச் சில நிமிடங்கள் அணைத்துவிட்டுப் பிள்ளைகளுடன் வானத்தைப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு ஒரு புறம் செந்நிறமாகத் தெரிவது திருவாதிரை. மறுபுறம் நீல வெண்மையாகத் தெரிவது ரைஜல். இரண்டின் நிறமும் ஏன் வேறுபடுகின்றது என்று பிள்ளை கேட்குமாயின், அவ்வினாவுக்குரிய விடையைப் பெரியவர்கள் இனிச் சொல்ல முடியும்.